கட்டி வைத்த கை

பெங்களூரில் இருக்கும் என் சாமிக்கு,

உறையைப் பிரித்ததும் இது யார் கையெழுத்து என்று திகைத்திருப்பாய். கோழி கிளறிய மாதிரி இருக்கிறதே, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது பிடித்து அம்மா எழுத வைத்திருக்கிறாளா என்று நினைத்திருப்பாய். இல்லை, எழுதுவது நான்தான். இதற்கு முன் பெங்களூருக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அப்பா எழுதியவை. அதனால்தான் எல்லாவற்றிலும் மழையும் தக்காளியும் மாடும் மட்டுமே இருந்தன. நான் எதைச் சொன்னாலும் அவர் பேனா அங்கேதான் போய் நிற்கும். இந்தக் கடிதத்தை அப்படி அவரிடம் விட முடியாது. என் இடது கையாலேயே எழுதுகிறேன். வரியெல்லாம் மேல் நோக்கி ஏறுகிறது, 'ழ'வும் 'ண'வும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒன்றாம் வகுப்பில் யாராவது என்னிடம் இப்படி எழுதிக் காட்டியிருந்தால் ஸ்லேட்டைப் பிடுங்கி அழித்துவிட்டு மறுபடியும் எழுது என்றிருப்பேன். நீ பொறுத்துக்கொண்டு படி.

அடுத்த வாரம் நாங்கள் மெட்ராஸ் போகிறோம். மறுபடியும் ரத்தம் சுத்தம் பண்ணுகிற அந்த மெஷின். முன்பு வலது பக்கம் போட்ட குழாயை இந்தத் தடவை இடது பக்கம் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கை போன வழியே இடது கையும் போகலாம். அதற்குள் இந்தக் கையால் உனக்கு எழுத வேண்டியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு நாம் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தாய், சாப்பிட்டாய், உடம்பு எப்படி இருக்கிறது என்றாய், நன்றாக இருக்கிறேன் என்றேன். அதோடு பஸ் ஏறிவிட்டாய். பேச வேண்டியதை வைத்துக்கொண்டு உடம்பைப் பற்றியே பேசினோம். இப்போது உடம்பைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு மற்றதைப் பேசுகிறேன். முதலில் உன் கையைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு என் கைக்கு வருகிறேன்.

நீ பிறவியிலேயே இடது கைக்காரன். தவழுகிற வயதிலேயே களத்தில் சிந்திய கடலையை இடது கையால்தான் பொறுக்கி வாயில் போடுவாய். சோறு தின்னும்போதும் அந்தக் கைதான் தட்டுக்கு வரும். நான் தட்டிவிடுவேன். உன் அப்பா, "வுடு புள்ள, எந்தக் கைல வந்துச்சின்னு வவுத்துக்குத் தெரியவா போவுது" என்பார். அதைக் கேட்டு நான் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. எந்தக் கை எதற்கு என்று ஊருக்கே தெரியும். டீச்சர் மகன் பீச்சாங்கையால் தின்கிறான் என்று மாதா கோவில் வாசலில் பேசுவார்களே என்று எனக்குப் பயம். நீ என்னிடமே ஒன்றாம் வகுப்புக்கு வந்தாய். இடது கையால் எழுதுகிற மற்ற பிள்ளைகளுக்கு ஸ்கேலால் விரல்மேல் ஒன்று போடுவேன். உன்னை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக என் பழைய சேலையின் ஊதாக் கரையைக் கிழித்து, உன் இடது மணிக்கட்டை ஜன்னல் கம்பியில் கட்டினேன். "அந்தக் கை வேணாங் கண்ணு, எல்லாரும் பாக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டேன். அடிக்கவில்லையே, கட்டித்தானே வைத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ அழவில்லை. மறுநாள் மணி அடித்ததும், நான் கூப்பிடாமலே ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்து கையை நீட்டினாய். நல்ல பிள்ளை என்று உன் தலையைத் தடவினேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் வலது கையால் முத்து முத்தாக எழுதினாய். பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டர் உன் ஸ்லேட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு உன் இடது கையை நான் எப்போதாவதுதான் பார்த்தேன். ஏரிக்கரையில் கிட்டிப்புள் அடிக்கும்போது அது வெளியே வரும். என் தலை தெரிந்தால் போதும், குச்சி சட்டென்று வலது கைக்கு மாறிவிடும். உன் இரண்டு கைகளில் ஒன்று என்னைக் கண்டால் ஒளிந்துகொண்டது. அதைப் பார்த்து அப்போது நான் வருத்தப்படவில்லை. திருந்திவிட்டான் என்றுதான் சந்தோஷப்பட்டேன்.

நீ தர்மபுரி ஹாஸ்டலில் தங்கி ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பாம்பு கடித்தது. கடலைக்கொடி பிடுங்குகிற நேரம். பள்ளி விட்டதும் நம் கடலைக்காட்டுக்குப் போய் நானும் கொடி சுமந்தேன். கொடிக் குவியலுக்கு அடியில் கண்ணாடி விரியன் கிடந்தது தெரியாமல் பக்கத்தில் காலை வைத்துவிட்டேன். உன் அப்பா கயிற்றால் காலைக் கட்டி, பாம்பை அடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, ரோடு வரைக்கும் என்னை வண்டியில் ஏற்றி வந்தார். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று எங்களைத் தர்மபுரியில் இறக்கிவிட்டது. ஊசி போட்டார்கள். கால் வீங்கியது, பல் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது, அதெல்லாம் அடங்கியது. பிழைத்துவிட்டாள் என்று எல்லோரும் மூச்சு விட்டபோது மூத்திரம் நின்றுபோயிற்று. முகம் ஊதிக்கொண்டே போனது. டாக்டர் உன் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "கிட்னி ரெண்டும் வேல செய்யலைங்க. மெட்ராஸ்லதான் மெஷின் இருக்குது, இன்னிக்கே கெளம்பிடுங்க" என்றார். மொரப்பூரில் என்னைப் பலகையோடு தூக்கி ரயிலில் ஏற்றியது மட்டும் எனக்குத் தெரியும். ரயில் புகை வாசனை மூக்கிலேயே இருந்தது.

மெஷின் என்றால் பெரிய அண்டா ஒன்றுக்கு மோட்டார் வைத்தது போல இருக்கும். அண்டாத் தண்ணீருக்குள் மெல்லிய குழல் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வைத்திருப்பார்கள். உடம்பிலிருந்து ஒரு குழாயில் போகிற ரத்தம் அந்தக் குழலுக்குள் ஓடி, அழுக்கை விட்டுவிட்டு, இன்னொரு குழாயில் திரும்பி வரும். அதற்கு உடம்பில் பெரிய ரத்தக்குழாயாகப் பார்த்து ஒரு வழி வைக்க வேண்டும். முதலில் தொடையில் வைத்தார்கள், அது சீக்கிரமே அடைத்துக்கொண்டது. பிறகு வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழே. முதல் குத்தில் ஊசி பக்கத்திலிருந்த வேறு குழாய்க்குள் போய் ரத்தம் சீறியது. நர்ஸ் முஷ்டியால் அழுத்திக்கொண்டு நின்றாள். கழுத்து வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிவிட்டது. அடுத்த குத்தில் சரியாக அமைந்தது. உன் சித்தப்பா இன்றைக்கும் அந்த டாக்டரைத் திட்டுகிறார். நான் திட்ட மாட்டேன். தோலுக்கு அடியில் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே கண்டுபிடிக்க வேண்டும். நீ லேத்தில் இரும்பு கடைகிறாய், உளி எங்கே வெட்டுகிறது என்றாவது உனக்குக் கண்ணுக்குத் தெரியும்.

குழாய் அசைந்தால் கழன்றுவிடும் என்று என் வலது கையைத் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். முதல் நாள் இழுத்து இழுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் நர்ஸ் பட்டையோடு வந்ததும் நானே கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் இப்படி ஒரு கை என்னிடம் நீண்டது ஞாபகத்துக்கு வந்தது. நெஞ்சு அடைத்துக்கொண்டது. மூச்சு முட்டுகிறதா என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் பார்வை நேரத்தில் நீயும் அப்பாவும் வந்தீர்கள். அப்பா மெஷினை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நீ மெஷினைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தாய். "இறுக்கமா இருக்குதாம்மா?" என்றாய். "கொஞ்சம்" என்றேன். "தளத்தனா நர்ஸக்கா திட்டுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே முடிச்சைத் தளர்த்தினாய். அவிழ்க்கவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டாய், அவ்வளவுதான். அதை இடது கையால் செய்தாய். அவ்வளவு வேகமாக, அவ்வளவு நோகாமல். நான் பார்த்துக்கொண்டே இருந்தும் அந்தக் கை ஒளியவில்லை. எவ்வளவு அழகான கை என்று சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது, வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மணி அடிக்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. பிள்ளைகளைப் புகழ்ந்து பேசும் பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை. அது நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நீ உன் வீட்டில் அதைத் தொடராதே.

பிறகு ஒரு நாள் காலையில் கொஞ்சமாக மூத்திரம் வந்தது. வார்டே சந்தோஷப்பட்டது. அதற்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிய குடும்பம் இந்த ஜில்லாவிலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். கிட்னி பாதிதான் திரும்பியிருக்கிறது, ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லி, குழாயை எடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தேன், பள்ளிக்குப் போனேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது வலது கை கனக்கத் தொடங்கியது. முதலில் வளையல் இறுகியது, பிறகு உடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. விளக்கெண்ணெய் தடவியும் கழறாத கல்யாண மோதிரத்தைப் பாலக்கோட்டு ஆசாரி அரத்தால் அறுத்தெடுத்தார். காலில் கடித்த விஷம் கைக்கு ஏறிவிட்டது என்று ஊர் சொன்னது. பச்சிலை அரைத்துக் கட்டினார்கள், மந்திரித்தார்கள். பங்குச் சாமியாருக்குத் தெரியாமல் மந்திரித்தார்கள். கை பூசணிக்காய் போல ஆனதுதான் மிச்சம்.

மறுபடியும் மெட்ராஸ் போனபோது அந்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். குழாய் அத்தனை நாள் படுத்திருந்த இடத்தில் ரத்தக்குழாய் உள்ளே தழும்பு விழுந்து சுருங்கி மூடிக்கொண்டுவிட்டதாம். கையிலிருந்து நெஞ்சுக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் வழி இல்லாமல் கையிலேயே தேங்குகிறதாம். "அந்தக் குழாய் இல்லைன்னா அன்னிக்கே நீங்க இல்லம்மா. அந்தக் குழாயாலதான் இன்னிக்கு இந்தக் கை. ரெண்டும் உண்மை" என்றார். சரிசெய்ய அவர்களிடம் வழி இல்லை. எனக்குப் புரியாமல் இருந்ததை உன் அப்பா ரயிலில் புரிய வைத்தார். "மடை அடைச்சிக்கிச்சின்னா வாய்க்கா தண்ணி என்ன பண்ணும்? வரப்ப ஒடைச்சிக்கிட்டு ஓடும்ல? அதாம் புள்ள, உன் தோள்லயும் மார்லயும் நரம்பு பொடைச்சிக்கிட்டு வருது. தண்ணி வேற வழி தேடுது" என்றார். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது. கையை உயரத்தில் வைத்திருந்தால் வீக்கம் குறையும் என்று டாக்டர் சொன்னதால், உத்தரத்திலிருந்து தூளி கட்டி அதில் கையைப் போட்டுத்தான் இன்றும் தூங்குகிறேன். உன்னைப் போட்டு ஆட்டிய அதே கொக்கிதான்.

விரல் மடங்கவில்லை. சாக்பீஸ் கீழே விழுந்துகொண்டே இருந்தது. வேறு வழி இல்லாமல் இடது கைக்கு மாறினேன். முதல் நாள் போர்டில் 'அ' எழுதியபோது வகுப்பு முழுக்கச் சிரித்தது. முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் சிரிக்கவில்லை. அது எழுந்து நின்று, "டீச்சர், உங்கள ஆருங் கட்டி வெக்க மாட்டாங்களா?" என்று கேட்டது. கிண்டலாகக் கேட்கவில்லை. அதற்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. உன்னை ஜன்னலில் கட்டிய கதை பள்ளியில் அண்ணன் அக்காக்கள் வழியாக இறங்கி வந்து அதுவரைக்கும் எட்டியிருக்கிறது, பார். உட்கார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை எந்தக் கையால் எழுதுகிறது என்று நான் பார்ப்பதில்லை. ஆனால் அதை உனக்கு எழுதவில்லை. நீ அதற்குள் ஹாஸ்டல் முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாய்.

இடது கையால் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று வாழ்ந்தால்தான் தெரியும். கோவிலில் சிலுவை போட்டுக்கொள்ள இடது கையைத் தூக்கினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். கடையில் காசை நீட்டினால், கல்லாவில் இருப்பவர் "கீழ வைய்யிங்க டீச்சர்" என்பார். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு என்னிடம் வராமல் அடுத்த ஆளுக்குப் போகும். எல்லோரும் மரியாதையானவர்கள்தான், எல்லோருக்கும் என் நோய் தெரியும். ஆனாலும் அந்தக் கை நீளும்போது அவர்கள் முகம் ஒரு நொடி சுளித்துவிட்டுத்தான் திரும்பும். தின்பதற்கு ஸ்பூன் வாங்கிக்கொண்டேன். அதே கையால் பிசைந்து தின்ன எனக்கே மனம் வரவில்லை. பார், எனக்கே. நான் உனக்குப் போட்ட கட்டு அப்படி ஊறிப் போயிருந்தது.

இனி உன் கல்யாணத்துக்கு வருகிறேன். பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்து பந்தலில் நின்றீர்கள். ஸ்டெல்லாவின் சொந்தக்காரர்கள் கடத்தூரிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். உள்ளே அழைக்கும் முன் பெற்றவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வாதம் பண்ண வேண்டும், முதலில் அம்மா. அதற்காகவே பிழைத்து வந்தேன் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். என் இடது கைக் கட்டைவிரல் ஸ்டெல்லாவின் நெற்றிக்குப் போகும்போது நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "அந்தக் கை வேணாம்மா. எல்லாரும் பாக்கறாங்க. அப்பா போடட்டும்" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். இடது கையால் வலது கையைத் தாங்கித் தூக்கிப் பார்த்தேன். அது அவள் முகவாய் வரைக்கும்தான் வந்தது. அதற்குள் உன் அப்பா முன்னால் வந்து இரண்டு பேருக்கும் போட்டுவிட்டார். மேளம் அடித்தார்கள். தலைவலிக்கிறது என்று நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது, கண்ணு. மறைக்க மாட்டேன். பெற்ற அம்மாவின் கையை நாலு பேர் முன்னால் பிடித்து நிறுத்துகிறானே, இதற்கா மெஷினில் கிடந்து உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று அழுதேன். நீ உள்ளே வந்து பார்க்காததற்கும் கோபம். உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன், ஸ்டெல்லா சொல்லியிருக்க மாட்டாள். பந்தி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவள் அடுப்பங்கரைக்கு வந்தாள். "அத்த, எனக்கு நீங்க இன்னும் சிலுவ போடலைங்களே" என்றாள். "சோத்தாங்கை வராது கண்ணு" என்றேன். "எந்தக் கை வருதோ அதுலயே போடுங்க" என்று தலையைக் குனிந்தாள். போட்டேன். அவளை நீ எக்காலத்திலும் மனம் நோகப் பேசாதே. இந்தக் கடிதத்தில் நான் உனக்குக் கட்டளையாகச் சொல்வது இது ஒன்றுதான்.

உன்மேல் இருந்த கோபத்தை ரொம்ப நாள் வைத்திருந்தேன். ஒரு நாள் துணி மடிக்கும்போது பெட்டிக்கு அடியில் அந்த ஊதாச் சேலை கிடைத்தது. ஒரு பக்கம் கரை இல்லாத சேலை. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், பந்தலில் நீ சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது என்று உறைத்தது. ஜன்னல் ஓரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டே உன் காதில் நான் சொன்ன பேச்சு. நீ நல்ல பிள்ளை, டீச்சர் சொன்னதை மறக்காத பிள்ளை. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து எனக்கே திருப்பிச் சொன்னாய். அன்று உன்மேல் கோபம் போய்விட்டது. அது போன இடத்தில் வந்த துக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்திலிருந்தே காலையில் முகம் ஊதுகிறது, சோறு நாக்கில் இரும்பு மாதிரி இருக்கிறது. பாதி திரும்பிய கிட்னி மறுபடியும் போகிறது. போன மாதம் அந்த டாக்டரையே போய்ப் பார்த்தோம், அவருக்கும் தலை நரைத்துவிட்டது. "வலது பக்கம் வழி அடைஞ்சிருக்கு, தொடையும் சரியில்லை. இடது பக்கம்தான் போடணும்மா" என்றார். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "இந்தக் கையும் அப்படி ஆயிடுங்களா?" என்று கேட்டேன். "ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். மணிக்கட்டில் சின்ன ஆபரேஷன் செஞ்சு அதிலேயே ஊசி போட ஒரு வழி இருக்கு. ஆனா அது தயாராக வாரக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் குழாய்தான்" என்றார். "போட்டுக்கலைன்னா?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சர் வேலை பார்த்தவளுக்கு விடை தெரியாத பிள்ளையையும் தெரியும், விடை தெரிந்தும் சொல்ல மாட்டாத பிள்ளையையும் தெரியும்.

ரயிலில் உன் அப்பாவிடம் நான் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றேன். இந்தக் கையைச் சமைக்கவும் தலை சீவவும் போர்டில் எழுதவும் பழக்கி ஆளாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், இதையும் கொடுத்துவிட்டு வெறும் வாயை மட்டும் வைத்துக்கொண்டு இருக்க மாட்டேன் என்றேன். "கை போனா போவுது புள்ள. நீ இரு" என்றார். "சோறு?" என்றேன். "நான் ஊட்டறன்." "உங்க சோத்துல பாதி உங்க மீசைக்கே போவுது, எனக்கு எங்க வந்து சேரப் போவுது" என்றேன். சிரித்தார். பிறகு மொரப்பூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தார். கண்ணில் கரி விழுந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து சில நாள் யோசித்தேன். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உயிர் ஆசைதான், பெரிதாக வேறு காரணம் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இந்த மனிதரோடு சண்டை போட வேண்டும், உன்னோடு பேச வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சாமி. ஊசிக்கும் குழாய்க்கும் இல்லை. அவை எனக்குப் பழக்கம். இரண்டு கையும் இல்லாமல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவருக்காகக் காத்திருப்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அப்படி ஆகாமலும் போகலாம். ஆகிவிட்டால் அப்பா ஊட்டுவார். இருந்தாலும் நீ ஒரு தரம் லீவு போட்டுவிட்டு மெட்ராஸுக்கு வா. வந்து ஒரு வேளையாவது எனக்கு ஊட்டு. ஸ்பூன் வேண்டாம், அதைச் சப்பிச் சப்பி நாக்கு சலித்துவிட்டது. கையால் பிசைந்து ஊட்டு. நீ பிறக்கும்போது கொண்டு வந்த கை, நான் ஜன்னலில் கட்டி வைத்த கை, அன்று ஆஸ்பத்திரியில் என் முடிச்சைத் தளர்த்திவிட்ட கை, அந்தக் கையால் ஊட்டு. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கும், நர்ஸ் வருவாள், உன் சித்தப்பாகூட வந்து நிற்பார். எல்லாரும் பார்க்கட்டும்.

உன்
அம்மா